நல்லசிவத்துக்கு எங்கும் இடமில்லை

“காலையிலேருந்து நாலு இடம் போயிட்டேன்மா. நாலு இடத்துலயும் என்னை வேண்டாம்னுட்டாங்க.”

நல்லசிவம் இதைச் சொன்னபோது தீபாவளி மதியம் ஒன்றரை மணி. மடத்தம்மா முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

மடம் என்று பெயர்தான். மலையடிவாரத்தில் ரெண்டு அறை, ஒரு தகரக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான்.

குரு என்றால் தாடி இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். மடத்தம்மாவுக்கு முப்பத்தெட்டு வயசு. நல்லசிவத்துக்கு அறுபத்தொன்று. இருந்தாலும் அவர்தான் சிஷ்யர். பன்னிரண்டு வருஷமாக வந்துபோகிறார். பெரிதாக ஒன்றும் தெளிந்த மாதிரி தெரியவில்லை. அதற்காக வருவதை நிறுத்தவும் இல்லை.

“எதுக்குப் போனீங்க?” என்றார் மடத்தம்மா.

“சேவை செய்ய.”

“என்ன சேவை?”

“ஒரு ஆளுக்காவது என் கையால சோறு போடணும். போட்டுட்டுத்தான் இன்னைக்கு நான் சாப்பிடுவேன். உலகம்மா பேரைச் சொல்லி முடிவு பண்ணிட்டேன்.”

உலகம்மாள் அவருடைய மனைவி. பங்குனியில் இறந்துபோனார். அவர் இல்லாமல் வருகிற முதல் தீபாவளி இது.

மடத்தம்மா முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார்.

“இதுவரைக்கும் ஒண்ணும் சாப்பிடலயா?”

“பச்சைத் தண்ணிதான்.”

“சரி. நாலு இடத்தையும் சொல்லுங்க.”

சொன்னார்.

முதலில் முதியோர் இல்லம். வாசலில் இருந்த காவலாளி ஒரு நீள நோட்டைப் புரட்டினான். தீபாவளிக்கு மூன்று வேளைச் சாப்பாடும் ஆவணி மாசமே பதிவாகிவிட்டதாம். நான் சாப்பாடு கொண்டுவரவில்லை, பரிமாற மட்டும்தான் வந்தேன் என்று நல்லசிவம் சொல்லிப் பார்த்தார். பரிமாறுவதற்கும் பதிவு செய்தவர்களே குடும்பத்தோடு வருகிறார்கள் என்றான். ஒன்பது மணிக்குள் ஆறு குடும்பம் வந்துவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஜாங்கிரியை வாயில் ஊட்டிப் படம் எடுத்துக்கொண்டது. ரெண்டு தாத்தாக்களுக்கு வயிற்றுப்போக்கு. இப்போது எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

“ஆடி மாசம் வாங்க அண்ணாச்சி. அப்ப ஈ காக்கா வராது” என்றான்.

ஆடி மாசம் வரை நான் பட்டினி கிடக்க முடியுமா என்று நல்லசிவம் கேட்டார். காவலாளி யோசித்துப் பார்த்து, முடியாதுதான் என்றான். பிறகு கேட்டைச் சாத்தினான்.

அடுத்தது பிள்ளைகள் இல்லம். அங்கே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ஆதார் நகல், ரெண்டு போட்டோ, காவல் நிலையத்திலிருந்து ஒரு நன்னடத்தைச் சான்று. எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் பத்து நாளில் கூப்பிடுவார்கள். விண்ணப்பத்தை இன்றைக்கு வாங்க முடியாது. அலுவலகம் லீவு.

விதி சரிதான். கண்டவர்களையும் பிள்ளைகள் நடுவில் விட முடியாது. ஆனால் சரியான விதியும் மூஞ்சியில் அடிக்கும்போது வலிக்கத்தான் செய்கிறது.

அவர் நின்ற நேரத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். மத்தாப்பு கொண்டுவந்தவர்களுக்கு நன்றிப் பாட்டு. பாட்டு முடிந்ததும் ரெட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை இவரிடம் வந்து நின்றது.

“நீங்க எத்தனாவது குரூப்பு? உங்களுக்கும் பாடணுமா?”

வேண்டாம் என்றார். அந்தப் பிள்ளை முகம் மலர்ந்து, தேங்ஸ் தாத்தா என்று சொல்லிவிட்டு ஓடிப்போனது.

“அந்தப் பிள்ளைக்கு நல்லது செஞ்சிருக்கீங்க” என்றார் மடத்தம்மா.

“விளையாடாதீங்கம்மா.”

மூன்றாவதாகக் கோவில் அன்னதானம். பந்தியில் சாதம் வைப்பது ஒரு குடும்பம். சாம்பார் இன்னொரு குடும்பம். தாத்தா காலத்திலிருந்து அப்படி. பாயசத்துக்கு ரெண்டு குடும்பத்துக்குள் சண்டையே உண்டு. கெஞ்சிக் கேட்டதில் ஒருவர் மனமிரங்கி உப்புக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். இலை போட்டதும் ஓரத்தில் உப்பு வைத்துக்கொண்டே போகிற வேலை. நல்லசிவத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குனிந்து குனிந்து ஏழு இலைக்கு வைத்தார்.

எட்டாவது இலைக்குக் குனியும்போது யாரோ தோளைத் தொட்டார்கள். உப்பு எங்க சித்தப்பாவுடையது, இதற்காகவே அவர் வருஷா வருஷம் பம்பாயிலிருந்து வருகிறார் என்றார்கள். பின்னால் சித்தப்பா கையை நீட்டியபடி நின்றார்.

கிண்ணம் போய்விட்டது.

“ஏழு இலைக்கு வெச்சீங்கல்ல. அது போதாதா?”

“உப்பு சோறாகுமாம்மா?”

மடத்தம்மா அதை ஒத்துக்கொண்டார்.

நாலாவது அரசு ஆஸ்பத்திரி. அதைச் சொல்லும்போது நல்லசிவத்தின் குரல் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சள் பனியன் போட்ட பையன்கள் நோயாளிகளுடன் வந்தவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேசை பக்கத்தில் போய் நின்றார். தம்பி, நானும் குடுக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். திறப்பதற்குள் ஒரு பையன் இவர் கையில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இன்னொருவன் போனைத் தூக்கிப் பிடித்து, ஐயா கொஞ்சம் சிரிங்க என்றான்.

இவர் பொட்டலத்தை மேசையில் வைத்தார். கூச்சப்படாதீங்க ஐயா என்று சொல்லித் திரும்பவும் கையில் வைத்தார்கள். அதைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

“எனக்கு. பொட்டலம்” என்றார் நல்லசிவம்.

“என்ன சாதம்?”

“பார்க்கலை.”

“எலுமிச்சை சாதமா இருக்கும்.”

நல்லசிவத்துக்குக் கோபம் வந்தது. பாதி கோபம், பாதி பசி. எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

“அம்மா, நீங்களாவது சாப்பிடுங்க. நான் பரிமாறுதேன். என் சங்கடம் தீர்ந்துரும்.”

“அடுப்பே பத்த வைக்கலயே.”

அறைக்குள் கையைக் காட்டினார். வந்தவர்கள் கொடுத்த பலகார டப்பாக்கள் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு நின்றன. அரிசிப் பானை கவிழ்ந்து கிடந்தது.

சரி, சோறு இல்லாவிட்டால் வேறு வேலை. நல்லசிவம் எழுந்து விளக்குமாறைத் தேடினார். மடத்தம்மா உட்காருங்கள் என்றார். காலையில் மூன்று கல்லூரிக் குழுக்கள் வந்து ஒன்றன் பின் ஒன்றாக முற்றத்தைப் பெருக்கிவிட்டுப் போய்விட்டன. மூன்றாவது குழு, பெருக்கக் குப்பை இல்லாமல், சருகைத் தூவிவிட்டுப் பெருக்கியது.

நல்லசிவம் ஒரு முறுக்கை உடைத்துத் தொட்டிச் சுவரில் காக்கைக்கு வைத்தார். காக்கை பார்த்தது. அங்கே ஏற்கெனவே ரெண்டு வடை காய்ந்துகொண்டிருந்தது. காக்கை பறந்துபோய்விட்டது.

அந்த நேரத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். புதுத் துணி. அந்தப் பெண்ணின் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

மடத்தம்மா எழுந்து நின்றார். ரெண்டு கையாலும் வாங்கினார். அங்கேயே திறந்தார். அதிரசம். ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார். நீங்க சுட்டதா என்று கேட்டார். பாகு கொஞ்சம் முத்திப்போச்சு அம்மா என்றாள் அந்தப் பெண். அப்படித் தெரியவில்லையே என்று சொல்லி மீதியையும் தின்றார். முழுசாக. அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் மடத்தம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இது எத்தனாவது?” என்றார் நல்லசிவம்.

“அதிரசம் மட்டும் ஒம்பது.”

“வயிறு என்னத்துக்கு ஆகும்?”

“விடியக்காலையிலேருந்தே சரியில்ல.”

“வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே.”

“மூணு மைல் நடந்து வந்திருக்காங்க.”

“சரி, வாங்கி வெச்சுக்கலாம். திங்கணுமா?”

“அந்தப் பொண்ணு என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னுச்சே. நீங்க பார்க்கலயா?”

நல்லசிவம் பார்க்கவில்லை. அவர் டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பசித்தவர் வேறு எதைப் பார்ப்பார்.

“உங்களுக்கென்னம்மா. உங்களைத் தேடி வாராங்க. என்னை எவன் தேடுதான்?”

“யாரும் தேடலயா?”

நல்லசிவம் வேட்டியில் ஒட்டியிருந்த வெடிக் காகிதத்தைத் தட்டிவிட்டார். இல்லாத காகிதத்தையும் கொஞ்ச நேரம் தட்டினார்.

“பேச்சியம்மா வந்தா” என்றார். “விடியக்காலை அஞ்சரைக்கு.”

“அது யாரு?”

“எதிர்வீட்டுப் பொண்ணு. என்னைப் பெரியப்பான்னு கூப்பிடுவா.”

“என்னத்துக்கு வந்தா?”

“பலகாரம் குடுக்க. துக்க வீடுல்லா.”

நல்லசிவத்தின் தெருவில், சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஊரெல்லாம் உள்ளதுதான்.

“வாங்கினீங்களா?”

“இல்ல.”

“கதவைத் திறந்தீங்களா?”

“லைட்டை அணைச்சுட்டு உள்ளயே நின்னேன். பெரியப்பா, பெரியப்பான்னு மூணு தடவை கூப்பிட்டா. அவ வீட்டுக்குள்ள போனதும் கதவைப் பூட்டிட்டுக் கிளம்பிட்டேன். போனையும் வீட்டுலயே போட்டுட்டேன்.”

“ஏன்?”

நல்லசிவம் மலையைப் பார்த்தார். மலையில் ஒன்றுமில்லை. மலை மட்டும்தான் இருந்தது.

“வாங்கிட்டா, உலகம்மா செத்துப்போயிட்டான்னு ஆயிரும்மா.”

அவர் செத்து ஏழு மாசம் ஆகியிருந்தது. மடத்தம்மா அதைச் சொல்லவில்லை. கீழே ஊரில் யாரோ சரவெடி போட்டார்கள். அது முடியும் வரை காத்திருந்து மடத்தம்மா கேட்டார்.

“உலகம்மா யாருக்காவது அப்படிக் குடுத்திருக்காங்களா?”

“குடுக்காமலா. எங்க தெருவுல எந்தத் துக்க வீடானாலும் முதல் ஆளு அவதான்.”

இப்போது அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. மனைவியைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் நல்லசிவத்துக்குப் பசி தெரியாது.

செல்லையா வாத்தியார் இறந்த வருஷத்துக் கதையைச் சொன்னார். அந்த வருஷம் உலகம்மாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து முந்திரிக்கொத்து சுட்டாள். விடிந்ததும் ஒரு தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். வாத்தியார் வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லசிவம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லிக்காக உட்கார்ந்திருந்தார். உலகம்மாள் இலையை எடுக்கவே இல்லை.

“வாசல்ல வெச்சுட்டு வாயேன்னு சொன்னேன். கையில குடுக்கணும்னா. சரி, அவங்க வாரப்ப வரட்டும், நாம சாப்பிடுவோம்னேன். கேக்கலையே. துக்க வீட்டுக்குக் குடுக்காம நம்ம வீட்டுல இலை போடக் கூடாது, தெருவுல ஒருத்தரும் போட மாட்டாங்க, நான் மட்டும் போடுவேனான்னுட்டா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. பதினோரு மணி வரைக்கும் இட்லி கிடையாது. எண்ணெய்க் குளியல் வேற. பசின்னா பசி, கண்ணு ரெண்டும் இருட்டிட்டு வருது. அவ ஜன்னல்கிட்ட நின்னு அந்தப் பூட்டையே பார்த்துக்கிட்டு இருக்கா. நான் உள்ள உக்காந்து வாத்தியார் குடும்பத்தை வையாத வசவு இல்ல. துக்கம்னா வீட்டுல கிடக்க வேண்டியதுதானே, நல்ல நாளும் அதுவுமா கதவைப் பூட்டிப் போட்டுட்டு எங்கிட்டு ஊர் சுத்தப் போனானுகன்னு—”

நிறுத்தினார்.

மடத்தம்மா மடியில் விழுந்திருந்த முறுக்குத் தூளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மணி என்னம்மா?”

“ரெண்டே கால்.”

“பேச்சியம்மா வீட்டுல அஞ்சு பேரு.”

“ம்.”

“பிள்ளைக ரெண்டும் எதையாவது தின்னுருக்கும்.”

“ம்.”

“அவ மாமியாருக்குச் சுகர்.”

மடத்தம்மா இதற்கு ம் சொல்லவில்லை.

நல்லசிவம் எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் தலை சுற்றியது. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, டவுனுக்கு இப்போது பஸ் உண்டா என்று கேட்டார். தீபாவளியன்று எந்த டிரைவர் வண்டி எடுப்பான் என்றார் மடத்தம்மா. அறைக்குப் பின்னால் போய் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் சக்கரத்தில் காற்று குறைவு. பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்கும். அதையும் சொல்லித்தான் கொடுத்தார்.

நல்லசிவம் ஏறினார். ரெண்டு மிதி மிதித்தவர் காலை ஊன்றித் திரும்பினார். விரதம் ஞாபகம் வந்துவிட்டது.

“அம்மா, நான் இன்னும் ஒருத்தருக்கும் சோறு போடலயே.”

“வேகமா மிதிங்க” என்றார் மடத்தம்மா.

மிதித்தார்.

அவர் தெரு முனையைத் தொடும்போது மணி மூன்று தாண்டியிருந்தது. தெரு முழுக்கச் சிவப்புக் காகிதக் குப்பை. பேச்சியம்மாளின் புருஷன் மாசானம் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை, காலரில் மஞ்சள். முகம் மட்டும் தீபாவளி மாதிரி இல்லை. எதிர்வீட்டுப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பின்னால் நடையில் கழுவிய வாழை இலைகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது. உள்ளே கிழவி யாரையோ திட்டும் சத்தம் கேட்டது.

மாசானம் நல்லசிவத்தைப் பார்த்தான். வாங்க என்று சொல்லவில்லை. எங்கே போனீர்கள் என்றும் கேட்கவில்லை. பசியில் இருக்கிறவன் அதெல்லாம் கேட்க மாட்டான்.

நல்லசிவம் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். ரெண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை பூட்டு திறந்தது. ரெண்டு கதவையும் விரியத் தள்ளினார்.

மாசானம் நாற்காலியில் இருந்தபடியே வீட்டுக்குள் கழுத்தைத் திருப்பினான்.

“ஏட்டி, பெரியப்பா கதவைத் திறந்துட்டாரு. சட்டுனு குடுத்துட்டு வந்து இலையைப் போடு.”